இளைக்கிறவர்களுக்கு ஒரு டஜன் வேண்டாம்

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. வேலை விசாவிலிருந்து புருஷன் விசாவுக்கு மாறி, பஹ்ரைனில், குதைபியா பகுதியில் அதே பழைய ஃபிளாட்டில் உட்கார்ந்து நிம்மதியாக சாம்பார் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் கடைப் பெண்கள் விட்டால்தானே! கொஞ்ச நாளைக்கு ஒரு தரம் வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜ் வந்துவிடும். "வசந்தா ஆன்ட்டி, ஒரு கஸ்டமர் வந்திருக்காங்க. ஊசி போட்டு இளைச்சிருக்காங்க. போன சேல்ல நாமதான் சைஸ் பார்த்து ஒரு டஜன் குடுத்தோம். இப்ப எல்லாமே லூஸுன்னு சண்டை போடறாங்க. என்ன சொல்லட்டும்?"

மனாமாவில் பெண்கள் உள்ளாடை விற்கும் ஒரு கடையில் அளவு பார்த்துக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. 'ஃபிட்டர்' என்று பெயர். மருமகள் ஃபிட்டராக வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டதும், நான் ஏணியில் ஏறிப் பைப் மாட்டுகிறேன் என்று நினைத்து திருச்சியில் என் மாமியார் கொஞ்ச நாள் சோறு இறங்காமல் இருந்தார். உண்மையான வேலை என்ன என்று தெரிந்தபோது அதற்குப் பைப்பே தேவலை என்று சொல்லிவிட்டார்.

இப்போது கடைக்கு ஒரு மெஷின் வந்திருக்கிறது. அதன் முன்னால் நின்று கையைத் தூக்கினால் அளவைச் சொல்லிவிடும். எனக்கு அதன்மேல் கோபம் எதுவும் இல்லை. யாரும் தொடக் கூடாது என்று நினைக்கிற பெண்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அது இன்றைய அளவைத்தான் சொல்லும். மாதா மாதம் இளைத்துக்கொண்டே போகிற ஒருத்திக்கு இன்றைய அளவு அடுத்த தீபாவளிக்கோ பெருநாளைக்கோ உதவாது. அதை எப்படிச் சமாளிப்பது என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியாகக் கேட்பதால், ஒரேயடியாக எழுதிப் போட்டுவிடுகிறேன். நடுவில் கதையும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் ஒரு கான்ட்ராக்டிங் கம்பெனியில் கணக்குப் பார்க்க வந்தவர். நானும் பின்னாலேயே வந்து, மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இந்தக் கடையில் சேர்ந்தேன். பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது. எங்கள் மேனேஜர் மேடம் நாஹித் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவர் எகிப்துக்காரர், என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். அவருக்கு அரபி, எனக்குத் தமிழ். நடுவில் இரண்டு பேரும் உடைத்து உடைத்துப் பேசும் இங்கிலீஷும் இந்தியும். அதிலேயே வருடக்கணக்கில் ஊர் வம்பு முழுக்கப் பேசித் தீர்த்திருக்கிறோம்.

மேடம் கடைக்குள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திட்ட வேண்டும் என்றால் ஸ்டாக் ரூமுக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டுத் திட்டுவார். வெளியே வரும்போது நம் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி வருவார். கஸ்டமரின் அளவை யார் காதிலும் விழும்படி சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். சரியானதை எடுத்துவந்து கையில் கொடுக்க வேண்டும். "வெளியே அவளுடைய நாத்தனார் நின்றுகொண்டிருப்பாள்" என்பார். எகிப்திலும் நாத்தனார்கள் அப்படித்தான் போலிருக்கிறது.

அவருடைய முறையை அப்படியே சொல்கிறேன். டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன்னால் முதுகைப் பார்க்க வேண்டும். அபாயாவையோ துப்பட்டாவையோ கழற்றி மாட்டியதும், கஸ்டமரைத் திரும்பி நிற்கச் சொல்லி, அவர் போட்டு வந்திருப்பது முதுகில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருந்தால் சரி. முதுகு நடுவில் மேலே ஏறி நின்றால் சுற்றளவு லூஸ். கனத்தைத் தாங்க வேண்டியது அந்தப் பட்டைதான். அது லூஸானால் நம் பெண்கள் என்ன செய்கிறார்கள்? தோளில் வரும் ஸ்ட்ராப்பை இழுத்து இழுத்துக் குட்டையாக்குகிறார்கள். பட்டை இன்னும் மேலே ஏறுகிறது. தோளில் பள்ளம் விழுகிறது, கழுத்து வலிக்கிறது, தலை வலிக்கிறது. அப்புறம் தைலம் தடவிக்கொள்கிறார்கள்.

அடுத்தது, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். ஏ.சி.யில் நின்ற விரல் பட்டால் யாருக்கும் தூக்கிவாரிப்போடும். எங்கே தொடப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொட வேண்டும். மூச்சை விடச் சொல்லி, மார்புக்குக் கீழே டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும். புதியதைப் போடும்போது அது கடைசி வரிசை ஹூக்கில், அதாவது இருப்பதிலேயே லூஸான ஹூக்கில் பொருந்த வேண்டும். உள்ளே இருக்கும் வரிசைகள் பின்னால் எலாஸ்டிக் தளரும்போது உதவும், ஆள் இளைக்கும்போதும் உதவும். பட்டைக்குள் இரண்டு விரல் போகலாம், முழுக் கையும் போகக் கூடாது. பிறகு முன்னால் குனிந்து, பக்கவாட்டுச் சதையையெல்லாம் கப்புக்குள் எடுத்துவிட்டு நிமிர வேண்டும்.

அதோடு முடியாது. மேடம் ஒவ்வொருவரையும் அவர்கள் தினமும் செய்கிற காரியத்தைச் செய்து பார்க்கச் சொல்வார். தொழுகிறவர்கள் தொழுகையில் குனிவதுபோலக் குனிய வேண்டும். துணி காயப்போடுவதுபோலக் கையைத் தூக்க வேண்டும். நம்ம ஊர்க்காரர்களை நான் கோலம் போடக் குனியச் சொல்வேன். ஃபிளாட் வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருக்கிறவர்களுக்கும் குனிய மட்டும் மறப்பதில்லை.

ஐம்பதை நெருங்குகிற உடம்பு வேறு மாதிரி. மாதவிலக்கு நிற்கிற சமயத்தில் மார்புச் சதை மெத்தென்று ஆகிவிடும். அந்த வயதில் எடையும் குறைந்தால் மேல்பாதி காலியாகி, கனம் எல்லாம் கீழே இறங்கிவிடும். இப்படிப்பட்டவர்களுக்குத் தலைவழியாக மாட்டி மொத்தமாக அழுத்திப் பிடிக்கிற பனியன் மாதிரி பிரா பெரும்பாலும் ஒத்துவராது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகத் தாங்குகிற கப் வேண்டும். அதன் மேல்பகுதி கொஞ்சம் இழுபடுகிற துணியாக இருந்தால், இன்னும் இளைத்தாலும் தூக்கிக்கொண்டு நிற்காது. அகலமான பட்டை, மூன்று ஹூக், அகலமான ஸ்ட்ராப், உள்ளே காட்டன். நம்ம ஊர் வெயிலைவிட இந்த ஊர் புழுக்கம் மோசம். கீழே சிவந்து புண்ணாகியிருக்கிறவர்களுக்குக் கம்பி வைத்தது வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சவூதியின் தம்மாமில் இருந்து ஒரு தமிழ் எஞ்சினியர் கடல் பாலத்தைத் தாண்டி வந்திருந்தார். மனைவிக்கு வாங்க வேண்டும், அவர் வரக் கூச்சப்படுகிறார், சாம்பிள் கொடுத்திருக்கிறார் என்றார். பைக்குள் பை, அதற்குள் பேப்பர், அதற்குள் பழைய பிரா ஒன்று. மனுஷர் அதை என்னிடம் தள்ளிவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் விரித்துப் பார்த்தேன். துணி புதுசு. ஆனால் இருப்பதிலேயே இறுக்கமான உள் ஹூக்கில் மாட்டிய தடம், ஸ்ட்ராப் இருக்கிற மட்டுக்கும் ஏற்றியாகிவிட்டது. "வீட்ல டயட்ல இருக்காங்களா சார்?" என்றேன். "இல்லம்மா, நல்லாத்தான் சாப்பிடறா. ஆனா என்னமோ இளைச்சுக்கிட்டே போறா" என்றார். அன்றைக்கு நான் எதையும் விற்கவில்லை. முயற்சி செய்யாமல் உடம்பு இளைத்தால் வர வேண்டிய இடம் எங்கள் கடை இல்லை, டாக்டர்தான் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு பேருமாகப் பிறகு ஒருநாள் வந்தார்கள். தைராய்டாம், மாத்திரையில் கட்டுப்பட்டுவிட்டதாம். அந்த அம்மா முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது.

இனி டஜன் விவகாரத்துக்கு வருகிறேன். வளைகுடாவில் இருக்கிற நம்மவர்களுக்கு ஒன்றிரண்டாக வாங்கத் தெரியாது. லீவுக்குப் போகும்போது பெட்டியை நிறைத்து நிறைத்துப் பழகிய கை. சோப்பா, டஜன். தைலமா, டஜன். சேல் போட்டால் இதிலும் டஜன். வாங்கினதைத் தூக்கிப்போட மனசும் வராது. இந்தப் பழக்கம் என்ன பாடு படுத்தும் என்று ஜமீலா ராத்தாவிடம்தான் முழுசாகப் பார்த்தேன்.

எங்கள் தெருமுனையில் கோல்ட் ஸ்டோர் வைத்திருக்கும் ஹாஜா பாயின் மனைவி அவர். பஹ்ரைனில் பலசரக்குக் கடைக்குக் கோல்ட் ஸ்டோர் என்றுதான் பெயர். சொந்த ஊர் அதிராம்பட்டினம். என்னைவிட ஆறேழு வயது இளையவர்தான். ஆனால் அவரைத் தெருவே ராத்தா என்று கூப்பிடுவதால் நானும் ராத்தா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான், மாற்றி மாற்றி மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தோம். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும் திறக்காததுமாக வந்து நின்றார்.

"அக்கா, எனக்கு நடக்கணும். அது போதும். அழகு கிழகெல்லாம் வேணாம்" என்றார்.

ராத்தாவுக்குச் சுகர், முழங்கால் வலி, நல்ல பருமன். டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதிக்கொடுத்துச் சாப்பாட்டையும் குறைத்ததில் சடசடவென்று இளைத்திருந்தார். முழங்கால் தேவலை, இனிமேல் நட என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் மக்காவுக்குப் போகிற உம்ரா யாத்திரை பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சீட் போட்டாயிற்று. முன்பு ஒரு தடவை போனபோது ராத்தா வீல்சேரில்தான் கஅபாவைச் சுற்றினார்.

"கூலிக்கு ஒருத்தன் தள்ளினான்க்கா. அவனுக்கு அடுத்த ஆளைப் புடிக்கிற அவசரம். நான் ஒரு துஆவை ஓதி முடிக்கிறதுக்குள்ள அடுத்த சுத்து வந்துடுது. மெதுவா போப்பான்னா அவனுக்கு என் பாஷை புரியல. எத்தனை வருசம் ஏங்கிட்டுப் போனேன், கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. இந்தத் தடவை என் கால்ல, என் வேகத்துல சுத்தணும்."

ஆனால் நடக்க முடியவில்லை. காலை வேளையில் மாலுக்குள் ஏ.சி.யில் நடக்கப் போனால், ஒரு சுற்று முடிவதற்குள் தோள் இரண்டும் எரிகிறது. கழுத்து பிடித்துக்கொள்கிறது. இடது கை விரல் மரத்துப் போகிறது. மார்புக்குக் கீழே தோல் உரிந்து, வியர்வை பட்டால் சுரீர் என்கிறது. கை மரத்துப் போனதைக் கேட்டு ஹாஜா பாய் ஆடிப்போய், இதய டாக்டரிடம் எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டார். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் எதற்கு வம்பு, வீல்சேரே போட்டுவிடலாம் என்கிறார். வியாழக்கிழமை ஏஜென்டுக்குச் சொல்லியாக வேண்டும்.

அபாயாவைக் கழற்றித் திரும்பி நின்றார். பட்டை ஏறக்குறைய தோள்பட்டைக்கு வந்துவிட்டிருந்தது. தோளில் என் விரல் படுக்கிற ஆழத்துக்குப் பள்ளம். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு பக்கமும் மெஷின் தையல் ஓடியிருக்கிறது. ஸ்ட்ராப்பையும் மடித்து ஊசியால் குத்தி நிறுத்தியிருக்கிறார்.

"என்ன ராத்தா இது?"

"புடிச்சுத் தெச்சிருக்கேன்க்கா" என்றார் பெருமையாக. "சேல்ல ஒரு டஜன் வாங்கினேன். எல்லாம் லூஸாப் போச்சு. புதுசா இருக்கிறதைத் தூக்கிப் போடவா முடியும்? ஒரு மத்தியானத்துல பன்னெண்டையும் புடிச்சுட்டேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுடிதாரைப் பிடித்துத் தைக்கிற கை, சும்மா இருக்குமா? ஆனால் பிராவின் பக்கவாட்டில்தான் எலாஸ்டிக்கின் உயிர் இருக்கிறது. அதைக் கொத்தித் தைத்தால் அது இழுபடாது, தாங்காது. கப் அக்குள் பக்கம் போய்விடும். மடித்த தையல் முண்டு முண்டாக நின்று, ஏற்கெனவே வெந்திருக்கிற தோலை அறுக்கும். மார்பின் கனம் முழுவதையும் ராத்தா தன் தோளில் இரண்டு நாடாவில் தூக்கிக்கொண்டு மாலுக்குள் சுற்றியிருக்கிறார். கையில் மரப்பு வராமல் என்ன செய்யும்?

புண்ணை முதலில் தோல் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். பிறகு அளந்தேன். சுற்றளவு இரண்டு சைஸ் இறங்கியிருந்தது. கம்பி இல்லாத, மூன்று ஹூக் வைத்த, கப் மூன்று துண்டாகத் தைத்த ஒன்றை எடுத்து வந்தேன். ராத்தா போட்டுக்கொள்வதற்கு முன் லேபிளைப் படித்தார். முகம் மாறிவிட்டது.

"முன்னாடி சி. இப்ப டி போட்டிருக்கு. நான் பட்டினி கெடந்து இளைச்சு வந்திருக்கேன், நீ பெரிசைக் குடுக்கிறியா?"

"அந்த எழுத்தைத் தனியாப் பார்க்கக் கூடாது ராத்தா. அது சுத்தளவோட சேர்ந்தது. சுத்தளவு ரெண்டு படி இறங்கியிருக்கு. அதே சி-யை இந்தச் சுத்தளவுல போட்டா உங்களுக்குப் பத்தாது, பிதுங்கும். இளைச்சது நிஜம்தான், யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க. போட்டுப் பாருங்க."

போட்டார். ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். குனிந்தார், கையைத் தூக்கினார், முக்காலியில் உட்கார்ந்து எழுந்தார். கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "கழுத்துல யாரோ உக்காந்திருந்தாங்க, எறங்கிப் போயிட்டாங்க" என்றார்.

அங்கேயே பில் போட்டு அனுப்பியிருந்தால் கதை முடிந்திருக்கும். கவுண்டரில் நிற்கும்போது ராத்தா சொன்னார், "உம்ராவுக்கும் இதையே போட்டுக்கிட்டுப் போயிடறேன்க்கா."

எனக்குத் திக்கென்றது. ஒவ்வொரு வாரமும் எங்கள் பக்கத்திலிருந்து உம்ரா பஸ் புறப்படுவதைப் பார்க்கிறவள் நான். ஆண்கள் வெள்ளைத் துண்டு இரண்டை எடுத்து வைத்துக்கொள்வார்கள். தையலே இல்லாத துணிதான் உடுத்த வேண்டும் என்று என் கணவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் எப்போதோ சொல்லியிருந்தார். நான் கொடுத்த பிராவிலோ கடையிலேயே அதிகமான தையல்! இந்த அம்மாவின் புனித யாத்திரையை நானே கெடுத்துவிடப் பார்த்தேனே என்று பதறி, அதை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு ஸ்டாக் ரூமுக்கு ஓடினேன். அலசி எடுத்ததில், ஓரங்களைச் சூட்டில் ஒட்டியே செய்த ரகம் ஒன்று கிடைத்தது. "இதைக் கொண்டு போங்க ராத்தா. ஒரு தையல்கூடக் கிடையாது" என்றேன். அவரும் உரிந்த தோலில் தையல் உரசாமல் இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறாள் என நினைத்து, சந்தோஷமாக இரண்டு வாங்கிக்கொண்டு போனார். நான் ஏன் கொடுத்தேன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலையில் மாலிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார். வந்ததும் ட்ரையல் ரூம் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"அரைச் சுத்து தாண்டலக்கா. அது வேர்வையில சுருண்டு சுருண்டு மேல வந்துடுது. பழையபடி தோள் எரியுது. எனக்குக் குடுப்பினை இல்ல. வீல்சேரே போடச் சொல்லிடறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "முதல்ல போட்டது நல்லாத்தானே இருந்துச்சு? ஏன்க்கா அதைப் புடுங்கிட்டு இந்த ரப்பரைக் குடுத்தே?"

"உம்ராவுக்குத் தையல் இருக்கிற துணி ஆகாதுல்ல ராத்தா? அதான் தேடிப் பிடிச்சு…"

ராத்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா! அது ஆம்பளைங்களுக்கு! நாங்க தெச்சதுதான் போடுவோம். இந்த அபாயா என்ன, கோந்து வெச்சு ஒட்டினதா?"

சத்தம் கேட்டு மேடம் நாஹித் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். ராத்தாவால் பேச முடியவில்லை. நானே என் உடைந்த இந்தியில் நடந்ததைச் சொன்னேன். மேடம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஒருவர் நிற்கவே இடம் போதாத அந்த ட்ரையல் ரூமில் மூன்று கிழவிகள் இடித்துக்கொண்டு சிரித்தோம். வெளியே பில் போடுகிற பெண் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

அப்புறம் மேடம் என்னை ஸ்டாக் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சரி, இருக்கிறது என்று நின்றேன். "இத்தனை வருடம் அந்த பஸ்ஸைப் பார்த்தாய். ஒருநாள்கூடப் பெண்கள் ஏறுகிற பக்கம் பார்க்கவில்லையா?" என்றார். "தொடும்போதெல்லாம் சொல்லிவிட்டுத் தொடுகிறாய். இதையும் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம், ஹபீப்தி." கண்ணே என்று அர்த்தம். அவ்வளவுதான். போட்டுக் கழற்றியதைத் திரும்ப வாங்குவதில்லை என்பது கடைச் சட்டம். ஆனாலும் அந்த இரண்டையும் மேடமே திரும்ப வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, முதலில் பொருந்தியதைத் தானே கொண்டுவந்து மாட்டிவிட்டார். கடைக்குள் கவுண்டருக்கும் வாசலுக்கும் நடுவே ராத்தாவை மேலும் கீழும் நடக்க வைத்து, பின்னாலிருந்து முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டை அசையவில்லை. "யல்லா, போய் நட" என்றார்.

அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்குள் நடப்பது வேறு, மாலில் நடப்பது வேறு. மறுநாள் வியாழக்கிழமை. காலையில் நானும் மாலுக்குப் போனேன். கடைகள் எதுவும் திறந்திருக்கவில்லை. நடக்கிறவர்கள் மட்டும்தான். ஹாஜா பாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கையில் போன். ஏஜென்டுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. "நீங்களாவது சொல்லுங்கம்மா, வீம்பு புடிக்கிறா" என்றார் என்னிடம். நான் ராத்தாவோடு நடக்க ஆரம்பித்தேன்.

முதல் சுற்று முடிகிற இடத்தில், வழக்கமாக அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தூணைக் காட்டினார். "இங்கதான்க்கா." தூண் வந்தது, தாண்டினோம். ராத்தாவின் வாய் மெல்ல அசைந்துகொண்டிருந்தது, ஓதுகிறார் என்று புரிந்தது. இரண்டாவது சுற்றில் எனக்குத்தான் முழங்கால் பிடித்துக்கொண்டது. போய் ஹாஜா பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ராத்தா எங்களைத் தாண்டிப் போனார். இன்னொரு முறை தாண்டிப் போனார். அப்புறமும்.

"இது எத்தனாவது சுத்தும்மா?" என்றார் ஹாஜா பாய்.

"எனக்கெப்படித் தெரியும் பாய்? நான்தான் பாதியிலயே உக்காந்துட்டேனே."

அடுத்த தடவை ராத்தா வந்தபோது பாய் எழுந்து நின்று, "கை மரத்துப் போச்சா?" என்று கேட்டார். ராத்தா இடது கையை உயர்த்தி விரல்களை விரித்து மடக்கிக் காட்டிவிட்டு, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார். ஹாஜா பாய் போனைக் காதில் வைத்தார். "ஆமா, ரெண்டு சீட்டுதான். வீல்சேர் மாஃபி. வேணாம், வேணாம். ஹலாஸ்" என்றார். நான் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். என் பெண்ணுக்குப் பிரசவம் ஆன செய்தி போனில் வந்தபோதுதான் அப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்திருந்தது.

இதிலிருந்து கடைப் பெண்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இளைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரு டஜன் விற்காதீர்கள். துவைத்து மாற்ற இரண்டு, மிஞ்சினால் மூன்று. கடைசி ஹூக்கில் போட்டு அனுப்புங்கள், உள் ஹூக்கிலும் லூஸானால் திரும்ப வரச் சொல்லுங்கள். பால்கனி வெயிலில் காயப்போட வேண்டாம், டிரையரிலும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், எலாஸ்டிக் செத்துவிடும். வீட்டில் தையல் மெஷின் இருக்கிறதா என்று விசாரியுங்கள். எங்கே போட்டுக்கொண்டு போகப்போகிறார் என்று வாயைத் திறந்து கேளுங்கள். மெஷின் இதையெல்லாம் கேட்காது.

உம்ரா முடிந்து வந்த மறுநாள் ராத்தா கடைக்கு வந்தார். பேரீச்சம்பழமும் ஒரு சின்னப் புட்டியில் மக்காவின் ஜம்ஜம் தண்ணீரும் மேடத்துக்கும் எனக்கும் தனித்தனியாக. ஹாஜா பாயைக் காணோமே, வாசலில் நிற்பாரே என்று கேட்டேன்.

"அவரு எங்கேருந்து வர்றது? கால் வீங்கிப் படுத்திருக்காரு" என்றார் ராத்தா. "கஅபாவை ஏழு சுத்தும் ரெண்டு பேரும் சேர்ந்தே சுத்தினோம். அல்ஹம்துலில்லாஹ், எனக்கு ஒண்ணும் இல்ல. அடுத்து சஃபா குன்றுக்கும் மர்வா குன்றுக்கும் நடுவுல ஏழு நடை நடக்கணும்ல, அதுல ரெண்டு நடை போறதுக்குள்ள அவருக்குக் குதிகால் விட்டுப் போச்சு. சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. அங்கேயே ஒரு வீல்சேர் கிடைச்சுது. கூலிக்குத் தள்ள ஆளு வந்துச்சு. வேணாம்னுட்டேன்."

"அப்புறம்?"

"நான்தான்க்கா தள்ளினேன். மிச்சம் முழுக்க." அவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கைப்பிடியைப் பிடித்திருப்பதுபோலக் காட்டினார். "கிளம்பும்போது குனிஞ்சு கேட்டேன், மெதுவாப் போகட்டுமா, வேகமாப் போகட்டுமான்னு. 'உன் இஷ்டம் ஜமீலா'ன்னாரு. கல்யாணம் பண்ணின நாள்லேருந்து அந்த வார்த்தை அவரு வாயிலேருந்து நான் கேட்டதே இல்லக்கா."